கிரகணம் அல்ல, கண்ணூறும் அல்ல
நிறமூர்த்தத்தில் துண்டு குறைந்து பிறக்கும் குழந்தைகள் பற்றி ஒரு விளக்கம்

தலவாக்கலைக்கு மேலே, புதிதாகக் குடியேறிய குடும்பங்கள் மரக்கறி பயிரிட்டு வாழும் ஒரு சரிவில் அந்த வீடு இருக்கிறது. வீட்டுக்காரரின் தகப்பன் 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் கமம் செய்தவர். யுத்தம் அங்கிருந்தும் விரட்டியது. மகன் காலத்தில் குடும்பம் மீண்டும் மலைக்கு வந்து, உறவினர் கொடுத்த கால் ஏக்கரில் கரட்டும் லீக்ஸும் போட்டுப் பிழைக்கிறது.

அந்த வீட்டில் இரண்டாவது குழந்தை பிறந்து பத்து நாள். பால் குடித்தால் மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. அழும்போது உதடு நீலம் பாய்ந்தது. ஒரு நாள் கைகால் வெட்டி இழுத்தது. நான் போனபோது குழந்தை வைத்தியசாலையில் இருந்து திரும்பியிருந்தது. தாய் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மாமியார் வாசலில் நின்று சொன்னார்:

"கெரகணத்தன்னிக்கு வெளிய போவாதன்னு சொன்னேன் சாமி. இவ அருவாமனைய எடுத்து மரக்கறி வெட்டுனா. அப்ப ஆறு மாசம். அதான் புள்ளைக்கு உள் நாக்குல பிளந்துபோச்சு."

மூன்று மாதங்களின் பின் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. "22ஆவது நிறமூர்த்தத்தில் ஒரு துண்டு இல்லை" என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு வரியை எடுத்துக்கொண்டு கணவனும் மனைவியும் என்னிடம் வந்தார்கள். "துண்டு எங்க போச்சு சாமி? நாங்க ஏதும் தப்புப் பண்ணினமா?" என்பதே அவர்களுடைய கேள்வி. அவர்களுக்குச் சொன்னதை, வைத்தியர்களிடம் கேட்டும் நூல்களில் படித்தும் இன்னும் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் பல வீடுகள் இருக்கக்கூடும்.

நிறமூர்த்தம் என்றால் என்ன?

எமது உடல் கோடானு கோடி கலங்களால் ஆனது. பெரும்பாலான கலங்களுக்குள் கரு உண்டு. அந்தக் கருவுக்குள் நூல் போன்ற மெல்லிய பொருள்கள் இருக்கின்றன. சாயம் ஊற்றி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் அவை நிறம் ஏறித் தெரிவதால் நிறமூர்த்தங்கள் என்று பெயர் பெற்றன. உடலை எப்படிக் கட்டுவது, இருதயத்துக்கு எத்தனை அறை, கண்ணுக்கு என்ன நிறம் என்ற எல்லாக் கட்டளைகளும் அந்த நூலில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அந்தக் கட்டளைகளே பரம்பரை அலகுகள். மனிதனுக்கு அவை ஏறக்குறைய 20,000 உள்ளன.

மனிதனுக்கு 46 நிறமூர்த்தங்கள்: தாயிடமிருந்து 23, தகப்பனிடமிருந்து 23. இது உறுதியாகத் தெரியவந்தது 1956ஆம் ஆண்டில்தான். அதுவரை 48 என்றே எண்ணியிருந்தார்கள். சரியாக எண்ணியவர்களில் ஒருவர் ஜோ ஹின் டிஜியோ. இந்தோனேசியாவின் சாவகத் தீவில் பிறந்து, முதலில் உருளைக்கிழங்குப் பயிர் விருத்தியில் வேலை செய்தவர். யுத்த காலத்தில் ஜப்பானியர் முகாமில் அடைபட்டு, பின்னர் நாடு விட்டு நாடு போய், சுவீடனில் இந்த உண்மையைக் கண்டார். பயிரின் நிறமூர்த்தங்களைப் பார்க்கப் பழகிய கண்தான் மனிதனுடையதையும் சரியாகப் பார்த்தது.

எண்ணிக்கை கூடினால் பெருமை என்று நினைக்க வேண்டாம். கரட்டுக்கு 18, நெல்லுக்கு 24, தேயிலைக்கு 30, உருளைக்கிழங்குக்கு 48. எத்தனை என்பதல்ல, ஒவ்வோர் இனத்துக்கும் அதற்குரியது முழுமையாக இருப்பதே முக்கியம்.

விதைத் தேயிலையும் வீ.பீ. தேயிலையும்

எமது தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்தில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தை எல்லோரும் அறிவீர்கள். அங்கிருந்து வந்த 2025 போன்ற வீ.பீ. இனங்களை நட்ட மலைகளில் வேலை செய்தவர்கள் உங்களில் பலர். ஒரு நல்ல தாய்ச் செடியில் இலையோடு கூடிய சிறு தண்டை வெட்டி நாற்றுமேடையில் வைத்தால், அது தாய்ச் செடியைப் போலவே வரும். நிரை முழுவதும் ஒரே உயரம், ஒரே நிறம், ஒரே காலத்தில் கொழுந்து. நிறமூர்த்தங்கள் கலக்கவில்லை, பிரதி எடுக்கப்பட்டன என்பதே காரணம்.

பழைய விதைத் தேயிலை அப்படியல்ல. ஒரு செடியைப் போல் மறு செடி இருக்காது. விதையில் இரண்டு செடிகளின் நிறமூர்த்தங்கள் கலந்திருக்கின்றன. பிள்ளைகளும் விதைத் தேயிலை போன்றவர்களே. அதனால்தான் ஒரே வயிற்றில் பிறந்தவர்களுள் ஒருத்தி சிவப்பு, ஒருத்தி கறுப்பு. ஒருவன் பாடுவான், ஒருவன் பாடமாட்டான்.

இந்தக் கலப்பு சும்மா நடப்பதில்லை. தாயின் உடலில் சூல் உருவாகும்போதும் தகப்பனின் உடலில் விந்து உருவாகும்போதும், 46 நிறமூர்த்தங்கள் 23 ஆகக் குறைய வேண்டும். இதனை ஒடுக்கற்பிரிவு என்பார்கள். அப்போது சோடி நிறமூர்த்தங்கள் இரண்டும் அருகருகே படுத்துத் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. துண்டு குறைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

துண்டு எப்படிக் குறைகிறது?

ஒரே மாதிரியான இரண்டு சேலைக் கரைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கரை முழுவதும் மாங்காய்ப் பூ வேலைப்பாடு. மேல் கரையின் மூன்றாவது மாங்காய் கீழ்க் கரையின் மூன்றாவது மாங்காயோடு சேரவேண்டும். எல்லா மாங்காயும் ஒன்றுபோல் இருப்பதால் கை தவறி மூன்றாவதை ஐந்தாவதோடு சேர்த்துவிட்டால், நடுவில் உள்ள துணி மடிந்து வெளியே போய்விடும். ஒரு கரையில் துண்டு குறையும், மற்றதில் துண்டு கூடும்.

22ஆவது நிறமூர்த்தத்தில் இப்படி ஒன்றுபோல் தோன்றும் எழுத்துக் கூட்டங்கள் சில, ஒன்றுக்கு அருகே மற்றொன்றாக அமைந்திருக்கின்றன. அதனால் அந்த இடத்தில் தவறு நேர்வது கூடுதல். மனிதனுடைய ஒரு தொகுதி நிறமூர்த்தங்களில் சுமார் 300 கோடி எழுத்துகள் உள்ளன. அந்தக் குழந்தைக்குக் குறைந்தது போன்ற துண்டில் வழக்கமாக ஏறக்குறைய 30 லட்சம் எழுத்துகள் இருக்கும். மொத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் இருதயம், அண்ணம், நோயைத் தடுக்கும் தைமஸ் சுரப்பி, கல்சியத்தைக் கவனிக்கும் சுரப்பி ஆகியவற்றைக் கட்டும் கட்டளைகள் சில அந்த ஒரு பங்குக்குள் அடங்கிவிட்டன.

"மற்றப் பிரதி இருக்கிறதே, அது போதாதா?" என்று அந்தத் தகப்பன் கேட்டார். நல்ல கேள்வி. ஏரில் இரண்டு மாடு பூட்டுகிறோம். ஒரு மாடு படுத்துவிட்டால், லேசான மண்ணை மற்றது தனியே இழுத்துவிடும். இறுகிய மண்ணை இழுக்காது. பரம்பரை அலகுகளும் அவ்வாறே. பலவற்றுக்கு ஒரு பிரதி போதும். சிலவற்றுக்கு இரண்டும் வேண்டும்.

அறியப்பட்ட சில நிலைகள்

22ஆவது நிறமூர்த்தத் துண்டுக் குறைவு: இவ்வகைக் குறைவுகளில் அதிகமாகக் காணப்படுவது இதுவே. ஏறக்குறைய 4,000 பிறப்புகளுக்கு ஒன்று எனக் கணக்கிடுகிறார்கள். ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறக்கும் எமது நாட்டிலும் அதே அளவு என்று கொண்டால், ஆண்டுதோறும் ஐம்பது குழந்தைகளாவது இந்நிலையோடு பிறக்கின்றன. அமெரிக்க வைத்தியர் ஆஞ்சலோ டிஜோர்ஜ் 1965இல் இந்நிலையை எடுத்துக்காட்டியதால் அவருடைய பெயராலும் வழங்கப்படுகிறது. பிறவி இருதயக் குறை, அண்ணப் பிளவு அல்லது அண்ணத் தளர்ச்சி, கல்சியக் குறைவால் வலிப்பு, அடிக்கடி தொற்று, பேச்சு மூக்கால் வருதல், படிப்பில் தாமதம் ஆகியவை அடையாளங்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் எல்லாம் வருவதில்லை. சிலருக்கு மிக லேசாக இருந்து, பெரியவர்களான பிறகே தெரியவருவதும் உண்டு.

பூனைக்குட்டி அழுகை: 5ஆவது நிறமூர்த்தத்தின் குறுங்கை முனை குறைவதால் வருவது. பிறந்த குழந்தையின் அழுகை பூனைக்குட்டி கத்துவது போல மெல்லியதாக, உச்சத்தில் இருக்கும். தலை சிறியதாக இருக்கும், வளர்ச்சி தாமதப்படும். 1963இல் பிரான்ஸ் நாட்டு வைத்தியர் ஜெரோம் லெஜூன் இதனை விளக்கினார். டவுண் நிலையில் 21ஆவது நிறமூர்த்தம் ஒன்று கூடுதலாக இருப்பதை 1959இல் உலகுக்கு அறிவித்தவரும் அவரே. பூனைக்குட்டி அழுகை டவுண் நிலையைவிட மிக அரிது.

வில்லியம்ஸ் நிலை: 7ஆவது நிறமூர்த்தத்தில் சிறு துண்டு குறைவது. இருதயத்திலிருந்து புறப்படும் பெருங்குழாய் ஒடுங்கியிருக்கலாம். இப்பிள்ளைகள் யாரிடமும் சிரித்துப் பழகுவார்கள், படிப்பில் பின்தங்குவார்கள்.

யாருடைய குற்றம்?

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது இந்தக் கேள்வியே. மாமியாரின் சொல்லை முதலில் எடுத்துப் பார்ப்போம். கிரகணம் வந்தபோது வயிற்றில் ஆறு மாதம். ஆனால் குழந்தையின் இருதயம் இரண்டு மாதத்துக்குள் உருவாகிவிடுகிறது. அண்ணத்தின் இரு பக்கமும் மூன்றாம் மாதம் முடியுமுன் சேர்ந்துவிடுகின்றன. ஆறாம் மாதத்தில் அரிவாள்மனை பிடித்ததால், மூன்றாம் மாதத்திலேயே மூடியிருக்க வேண்டிய அண்ணம் எப்படிப் பிளக்கும்? கூரை போட்டு முடித்த வீட்டுக்கு மூன்று மாதம் கழித்து அத்திவாரம் பிழைக்காது.

துண்டு குறைந்த நாள் இன்னும் முந்தியது. கரு உண்டாகுமுன்பே, சூலிலோ விந்திலோ அது நடந்துவிட்டது. ஒரு பெண்ணின் சூல்கள் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகத் தொடங்குகின்றன. நிறமூர்த்தங்கள் துண்டு மாற்றிக்கொள்வதும் அப்போதே நடைபெறுகிறது. ஆகவே சூலில் அந்தத் தவறு நேர்ந்திருந்தால், அந்தத் தாய் பிறப்பதற்கு முன்பே நேர்ந்திருக்கும். தான் பிறக்குமுன் நடந்ததற்கு ஒருத்தியை எப்படிக் குற்றஞ்சாட்டுவது?

பெண்ணையே குறை சொல்லிப் பழகியவர்களுக்கு இன்னொன்று. பூனைக்குட்டி அழுகை நிலையில், புதிதாக நேர்ந்த குறைவுகளில் ஐந்தில் நான்கு தகப்பனிடமிருந்து வந்த நிறமூர்த்தத்திலேயே காணப்படுகின்றன. பழியைத் தாயிடமிருந்து எடுத்துத் தகப்பன் தலையில் போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. இது எவருடைய நடத்தையாலும் வருவதல்ல. குடியாலோ, பசியாலோ, இடம்பெயர்ந்து அலைந்ததாலோ, சாபத்தாலோ இந்தத் துண்டு விழுவதில்லை.

சொந்தத்தில் கலியாணம் செய்ததால் வந்ததா என்றும் கேட்கிறார்கள். மாமன் மகள், அத்தை மகன் திருமணங்களில் வேறு சில பரம்பரை நோய்கள் வரும் வாய்ப்பு சற்றுக் கூடும் என்பது உண்மை. தாயும் தகப்பனும் ஒரே பாட்டனிடமிருந்து வந்த ஒரே பழுதடைந்த அலகைப் பிள்ளைக்குக் கொடுக்க நேரிடலாம். தலசீமியா போன்றவை இவ்வகை. ஆனால் புதிதாகத் துண்டு குறைவதற்கும் சொந்தத் திருமணத்துக்கும் தொடர்பில்லை. டவுண் நிலை தாயின் வயதோடு கூடும். 20 வயதில் சுமார் 1,500க்கு ஒன்று, 40 வயதில் சுமார் 100க்கு ஒன்று. 22ஆவது நிறமூர்த்தத் துண்டுக் குறைவோ இளம் தாய்க்கும் வரும், மூத்த தாய்க்கும் வரும்.

அடுத்த பிள்ளைக்கும் வருமா?

பத்தில் ஒன்பது 22ஆவது துண்டுக் குறைவுகள் அந்தக் குழந்தையில் புதிதாக நேர்ந்தவை. தாய் தகப்பன் இருவரின் இரத்தத்திலும் குறை இல்லையென்றால், அடுத்த பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. பத்தில் ஒன்றில் தாய்க்கோ தகப்பனுக்கோ அதே குறை லேசாக, தெரியாமல் இருக்கும். அப்படியானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி.

வேறொரு வழியும் உண்டு. சிலருடைய நிறமூர்த்தத்தில் ஒரு துண்டு தன் இடத்தை விட்டுப் பெயர்ந்து இன்னொரு நிறமூர்த்தத்தில் போய் ஒட்டியிருக்கும். எதுவும் தொலையவில்லை, இடம் மட்டுமே மாறியிருக்கிறது. ஆகவே அவர் சுகதேகியாக இருப்பார். இடம்பெயர்ந்த குடும்பத்தில் எல்லோரும் உயிரோடு வந்து சேர்ந்தது போல. ஆனால் பிள்ளைக்குப் பாதியைக் கொடுக்கும்போது, துண்டு போன நிறமூர்த்தம் மட்டும் கிடைத்து, துண்டு ஒட்டிய நிறமூர்த்தம் கிடைக்காமற் போகலாம். பல முறை கருச்சிதைவு ஏற்பட்ட வீடுகளில் இதனைச் சோதித்துப் பார்ப்பது பயன் தரும். ஆகவேதான் குழந்தையின் இரத்தத்தோடு பெற்றோர் இரத்தத்தையும் கேட்கிறார்கள். குற்றவாளியைப் பிடிப்பதற்காக அல்ல, அடுத்த பிள்ளைக்கு என்ன நேரலாம் என்று உண்மையாகச் சொல்வதற்காக.

பரிசோதனை எப்படி?

சிறிதளவு இரத்தம் எடுத்து, கலங்களை ஏறக்குறைய மூன்று நாள் வளர்த்து, பிரியும் தறுவாயில் நிறுத்தி, சாயமிட்டு நிறமூர்த்தங்களை எண்ணி வரிசைப்படுத்துவார்கள். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் 1983இல் தொடங்கிய மனிதப் பரம்பரையியல் பிரிவு எமது நாட்டில் இவ்வேலைக்கு வழி திறந்தது. பரிசோதனையோடு பெற்றோருக்கு விளக்கம் சொல்லும் ஆலோசனையும் அங்கு நடைபெறுகிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரண நிறமூர்த்தப் பரிசோதனையில் பெரிய துண்டு குறைந்தால்தான் தெரியும். 22ஆவது நிறமூர்த்தக் குறைவு போன்ற சிறு துண்டுகள் பெரும்பாலும் தெரியாது. அதற்கு ஒளிரும் சாயமிட்டுக் குறித்த இடத்தைத் தேடும் ஃபிஷ் பரிசோதனையோ, அதைவிடப் புதிய நுண்பரிசோதனைகளோ வேண்டும். ஆகவே "அறிக்கை சரி" என்று வந்தபின்னும் குழந்தையில் அடையாளங்கள் இருந்தால், "சிறு துண்டுக் குறைவையும் பார்க்கலாமா ஐயா?" என்று வைத்தியரிடம் பணிவாகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

தாய்மார் கவனிக்க வேண்டியவை

பிறந்த குழந்தையில் கீழ்க்காணும் அடையாளம் எதுவும் தெரிந்தால், தோட்ட டிஸ்பென்சரியோடு நின்றுவிடாமல் பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

1. உதடு, நாக்கு நீலம் பாய்தல். பால் குடிக்கும்போது மூச்சு வாங்கி வியர்த்தல்.
2. பால் மூக்கு வழியே வருதல், உறிஞ்ச முடியாமை.
3. வலிப்பு, கைகால் வெட்டி இழுத்தல்.
4. மிக மெல்லிய, உச்சமான அழுகை. உடல் துணிபோல் தளர்ந்திருத்தல்.
5. அடிக்கடி சளிக் காய்ச்சல், நிறை கூடாமை.

அண்ணப் பிளவுள்ள குழந்தையைப் படுக்கவைத்துப் பால் கொடுக்கக் கூடாது. நிமிர்த்திப் பிடித்து, தாய்ப்பாலைப் பீச்சி எடுத்து, சிறு கரண்டியாலோ சிறு கோப்பையாலோ மெல்ல மெல்லக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு சில வாய்க்கும் நிறுத்தி ஏவறை விடச் செய்யுங்கள். பிளவைச் சத்திரசிகிச்சையால் மூடலாம். அண்ணத்தை வழக்கமாக ஒரு வயதை ஒட்டி மூடுகிறார்கள். இருதயக் குறைகளில் பெரும்பாலானவற்றுக்கும் சத்திரசிகிச்சை உண்டு. கல்சியக் குறைவுக்கு மருந்து உண்டு. மலையகத்தில் இருந்து போகிறவர்களுக்குப் பேராதெனியவில் உள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலையும், கொழும்பில் 1895ஆம் ஆண்டு முதல் இயங்கும் சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையும் உள்ளன.

தடுப்பூசி பற்றி: 22ஆவது துண்டு குறைந்த சில குழந்தைகளுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி குறைவு. உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பு மருந்துகளை அவர்களுக்குக் கொடுக்குமுன் வைத்தியர் இரத்தம் பார்க்க வேண்டும். ஆகவே அறிக்கையை மிட்வைஃப் அம்மாவிடம் முன்கூட்டியே காட்டுங்கள். பயந்து எல்லாத் தடுப்பூசியையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது இன்னும் பெரிய ஆபத்து.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. மண்சரிவோ வெள்ளமோ வந்து இரவில் எழுந்து ஓடும்போது உறுதியையும் அடையாள அட்டையையும் எடுக்கிறோம். பிள்ளையின் வளர்ச்சி அட்டையையும் கிளினிக் கொப்பியையும் பரிசோதனை அறிக்கையையும் அதே பொலித்தீன் பையில் வையுங்கள். அறிக்கை தொலைந்தால் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். குடியேறிய இடத்தில் முதல் வாரமே அந்தப் பகுதி மிட்வைஃபிடம் பெயரைப் பதியுங்கள்.

தடுக்கக்கூடியவை

நூறு பிறப்புகளில் இரண்டு அல்லது மூன்றில் ஏதோ ஒரு பெரிய பிறவிக் குறை காணப்படுகிறது. அவற்றில் துண்டுக் குறைவு ஒரு சிறு பகுதியே, அதை எம்மால் தடுக்க முடியாது. தடுக்கக்கூடியவை வேறு உண்டு. கருத்தரிக்குமுன்பே போலிக் அமில மாத்திரை எடுத்தால், முதுகெலும்பு மூடாமல் பிறக்கும் குறை பெருமளவு குறையும். இது 1991இல் வெளியான பெரிய ஆய்வில் உறுதியானது. எனவே கலியாணம் முடிந்தவுடன் மிட்வைஃபைச் சந்தியுங்கள். ரூபெல்லாத் தடுப்பூசி போட்டதால், 2020ஆம் ஆண்டில் எமது நாடு ரூபெல்லாவை ஒழித்த நாடு என உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது. அந்த நோயால் செவிடாகவும் குருடாகவும் பிள்ளைகள் பிறந்த காலம் போயிற்று. அயடீன் உப்பைப் பாவியுங்கள். கர்ப்பிணி கசிப்பையும் சாராயத்தையும் தொடக் கூடாது. நீரிழிவு, வலிப்பு நோய்களுக்கு மருந்து எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்டபின் கருத்தரிப்பது நல்லது. மரக்கறித் தோட்டத்தில் மருந்து அடிப்பதைக் கர்ப்பிணியிடம் விடாதீர்கள்.

முடிவாக

அந்தக் குழந்தைக்கு இருதயச் சத்திரசிகிச்சை நடந்தது. அண்ணமும் மூடப்பட்டது. இப்போது நான்கு வயது. பேச்சு மூக்கால் வருகிறது, வெளியார் சிலருக்கு விளங்காது. பாட்டிக்கு எல்லாம் விளங்குகிறது. பிள்ளை மடுவத்துக்கு அவனைக் கூட்டிப்போவதும் அவரே. பெற்றோர் இருவரின் இரத்தத்திலும் குறையில்லை என்று முடிவு வந்த அன்று அதனைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு அடுப்படிக்குப் போய், மருமகளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு பிள்ளை பிறந்தால், "என்ன பாவம் செய்தாய்?" என்று கேட்காதீர்கள். "கிளினிக்குக்கு யார் துணைக்கு வருவது? மூத்த பிள்ளையை யார் பார்ப்பது?" என்று கேளுங்கள். நிறமூர்த்தத்தில் குறைந்த துண்டை நாம் திரும்பக் கொடுக்க முடியாது. மற்றவை எல்லாம் எம்மால் கொடுக்கக்கூடியவையே.